முப்பத்தொரு தடவை

கெலிஓயா,
11.02.2008

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மங்களாக்கா,

நீங்கள் லண்டனிலிருந்து அனுப்பிய பொங்கல் அட்டை ஜனவரி இருபத்தைந்தாம் திகதி கிடைத்தது. இன்றைக்குப் பதினேழு நாளாகிறது. இதற்குள் இந்தக் கடிதத்தை மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது. இதை எப்படியும் தபாலில் போட்டுவிடுவேன்.

"நிரோஜினிக்கு மூன்று கிழமையாக விட்டுவிட்டுக் காய்ச்சல், கழுத்தில் கட்டியும் இருக்கிறது, கம்பஸ் பிள்ளைகளுக்கு வருகிற வருத்தம்தான் என்கிறார் டொக்டர்" என்று அட்டையின் மூலையில் பொடி எழுத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்காகத்தான் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் மஹ்ரூப் நெஞ்சில் சளி கட்டி மௌத்தானார் என்று அப்போது உங்களுக்கு எழுதினேன். அது அரைவாசி உண்மை. கப்பல் குசினியில் சமையல் வேலை பார்த்த காலத்தில் அவருக்கு எச்.ஐ.வி. வந்திருந்தது. அவர் போய் இரண்டு மாதத்தில், 1999 ஜனவரி பத்தொன்பதாம் திகதி, என்னுடைய இரத்தத்தையும் பார்த்தார்கள். எனக்கும் இருக்கிறது. பிள்ளை ஹபீலுக்கு இல்லை. இது இந்த ஊரில் யாருக்கும் தெரியாது, ஹபீலுக்கும் தெரியாது. ஆறு மாதத்துக்கு ஒருதரம் கண் கிளினிக் என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போய் வருகிறேன்.

இனித்தான் சொல்ல வேண்டியது. 89ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், கடையைத் திறந்தால் சுடுவோம், பஸ் ஓடினால் எரிப்போம் என்று கிளர்ச்சிக்காரர் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்த நாட்கள். நீங்கள் நேர்ஸ் டியூட்டிக்குப் போய்க் கண்டி ஆஸ்பத்திரியிலேயே ஒன்பது நாள் மாட்டிக்கொண்டீர்கள். உங்கள் வீட்டுக்காரர் யாழ்ப்பாணக் கிளைக்கு மாற்றலாகிப் போயிருந்தார். உங்கள் ஆறு மாதப் பிள்ளை நிரோஜினி பக்கத்து வீட்டில் என்னிடம் இருந்தாள். நீங்கள் தந்துவிட்டுப் போன பால்மா டின் இரண்டாம் நாள் பின்னேரம் முடிந்தது. மூன்று கடைக்காரரின் பின்கதவில் தட்டினேன், ஒருவரும் திறக்கவில்லை. பிள்ளை அழுது அழுது சத்தம் அடைத்துப்போனது. என் மடியில் ஹபீல் குடித்துக்கொண்டிருந்தான். மற்றப் பக்கத்தில் அவளைப் போட்டேன்.

எங்கள் மார்க்கத்தில், இரண்டு வயதுக்குள் ஒரு பிள்ளை ஐந்து தடவை வயிறாரக் குடித்தால், பால் கொடுத்தவளுக்கு அது பிள்ளையாகிவிடும். அவளுடைய மகனுக்கு அது சகோதரி. பின்னாளில் தெரியாமல் நிக்காஹ் பேசிவிடக் கூடாது என்பதற்காக எண்ணிவைப்போம். ஐந்துக்கு மேல் எண்ணத் தேவையில்லை. கை பழகிவிட்டது, எண்ணினேன். கொப்பியில் முப்பத்தொரு கோடு இருக்கிறது.

நீங்கள் வந்து கேட்டபோது, கடைக்காரர் இரகசியமாக ஒரு டின் தந்தார் என்று பொய் சொன்னேன். நீங்கள் சைவம். மாட்டிறைச்சி தின்கிறவளின் பால் உங்கள் பிள்ளையின் வாயில் போனது தெரிந்தால் என்ன நினைப்பீர்களோ என்ற பயம்.

பாலிலும் இந்த நோய் போகும் என்கிறார்கள். தயவுசெய்து பிள்ளையின் இரத்தத்தைப் பாருங்கள்.

உங்கள் சகீனா

*

லண்டன்,
09.03.2008

திருமதி சகீனா மஹ்ரூப் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பெப்ரவரி இருபத்திரண்டாம் திகதி கிடைத்தது.

நான் இங்கே பதினொரு வருடமாக இந்த நோயாளிகளின் வார்டில்தான் வேலை செய்கிறேன். அவர்களைக் குளிக்க வார்த்திருக்கிறேன், சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். ஒருநாளும் நான் பயந்தது இல்லை. உங்கள் கடிதத்தை வாசித்த பிறகு இரண்டு நாள் என்னால் வேலைக்குப் போக முடியவில்லை.

சில விபரங்கள் எனக்கு வேண்டும். மஹ்ரூப் அந்த வருடம் விடுமுறையில் எப்போது வந்தார், எப்போது திரும்பினார்? ஜூலை மாதம் உங்களுக்குப் பத்து நாள் காய்ச்சல் அடித்தது. உடம்பெல்லாம் சிவப்பாகப் போட்டிருந்தது. கழுத்தைத் தடவிப் பார்த்து, கட்டி இருக்கிறது என்று சொல்லிப் பனடோல் தந்தது நான்தான். அது எந்தத் திகதி? இந்தக் கிருமி புதிதாக ஒரு உடம்பில் நுழையும்போது அப்படித்தான் காய்ச்சல் வரும். அந்த நாட்களில்தான் அது இரத்தத்திலும் பாலிலும் ஆகக் கூடுதலாக இருக்கும். இது உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியும்.

உங்களுக்கு 99இல் தெரிந்திருக்கிறது. இது 2008. ஒன்பது வருடம், வருடத்துக்கு இரண்டு கடிதம் எழுதினீர்கள். மழை பெய்தது, மகாவலி பெருகியது, ஹபீல் ஓ.எல். பாஸ் பண்ணினான் என்றெல்லாம் எழுதினீர்கள்.

இறைச்சியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பசியில் கிடந்த என் பிள்ளைக்குப் பால் கொடுத்ததற்காக முகம் சுளிக்கிறவள் என்றா என்னை நினைத்தீர்கள்?

நிரோஜினிக்கு நான் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பற்றி இப்போது எழுத எதுவும் இல்லை.

இ. மங்களேஸ்வரி

*

கெலிஓயா,
30.03.2008

மங்களாக்கா,

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தொன்பது வருடத்தில் இதுதான் முதல் தரம். எழுதுங்கள், நான் அதற்குரியவள்தான்.

கேட்ட விபரங்கள்: மஹ்ரூப் வந்தது 89 மே பத்தாம் திகதி, நோன்புப் பெருநாள் முடிந்து இரண்டு நாளில். திரும்பியது ஜூன் இருபத்தெட்டு. எனக்குக் காய்ச்சல் தொடங்கியது ஜூலை ஆறு, விட்டது பதினைந்து. தொழுகை தவறிய நாட்களைப் பிறகு தொழுது களாச் செய்வதற்காகக் குறித்துவைத்திருந்தேன், அதனால் சரியாகச் சொல்ல முடிகிறது. பிள்ளைக்குப் பால் கொடுத்தது ஓகஸ்ட் பதினேழிலிருந்து இருபத்துநான்கு வரைக்கும்.

ஹபீலும் அதே நாட்களில் அதே பாலைத்தான் குடித்தான், அதற்குப் பிறகும் ஒரு வருடம் குடித்தான். அவனுக்கு 99இலும் 2000இலும் பார்த்தார்கள், இல்லை. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்பது வருடம் இருந்தேன். இவனுக்கு இல்லையென்றால் அவளுக்கும் இருக்காது என்று ஒவ்வொரு இரவும் எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு படுத்தேன். தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று உங்கள் அட்டையைப் பார்த்த பிறகுதான் யோசித்தேன். அவள் சுகமாகத்தான் இருக்கிறாள் என்றும் சொல்லிக்கொள்வேன். ஆனால் நானும் சுகமாகத்தானே இருக்கிறேன். பத்தொன்பது வருடமாக ஒரு மாத்திரை குடிக்கவில்லை. கிளினிக்கில் எண்ணுகிற வெள்ளை அணு 780, 810, 765, 790 என்றே நிற்கிறது. கிருமியைத் தேடிப் பார்த்தார்கள், கடைசி இரண்டு தடவையும் கருவிக்கு அகப்படவில்லை. என்னைப் போல நோய் வெளியே தெரியாமல் அவளுக்குள்ளும் இருந்தால்?

இறைச்சி விஷயம். உங்களைப் பற்றி நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் உங்கள் மாமி வந்து நின்ற மாதத்தில் நான் கொடுத்தனுப்பிய வட்டிலப்பம் பின்பக்கத்தில் பூனைக்குப் போனதை என் கண்ணால் கண்டேன். அதை உங்களிடம் சொல்லவில்லை, இனியும் சொல்ல நினைத்திருக்கவில்லை. கேட்டதால் சொல்கிறேன்.

பிள்ளையின் காய்ச்சல் எப்படி? கழுத்துக் கட்டி வற்றிவிட்டதா? இரத்தம் பார்த்தீர்களா?

சகீனா

*

லண்டன்,
04.05.2008

அன்புள்ள சகீனா,

மாமியின் பூனைக் கதை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் செய்யக்கூடியவர்தான். நான் அந்த வீட்டில் இருந்துகொண்டே கவனிக்காமல் விட்டது என் பிழை.

நிரோஜினிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. இப்போது பரீட்சைக் காலம். மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

இன்னொரு காரியம். நீ எழுதிய அந்த எண்களைப் பெயர் சொல்லாமல் எங்கள் பெரிய டொக்டரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டு தரம் பார்த்தார். மருந்து இல்லாமலே இந்தக் கிருமியை அடக்கி வைத்திருக்கிற உடம்புகள் முந்நூறு பேரில் ஒன்றுதானாம். இந்தக் கிருமி வெள்ளை அணுவுக்குள்ளே போய் ஒளிந்துகொண்டு, அதையே ஆலையாக்கித் தன்னைப் பெருக்கும். அப்படிப் பிடிபட்ட அணுக்களைக் கண்டுபிடித்துக் கொல்கிற வேறொரு வகை வெள்ளை அணுக்கள் எல்லாரிடமும் இருக்கின்றன. மற்றவர்களிடம் அவை சில வருடத்தில் களைத்துப்போகும், கிருமியும் வேஷம் மாற்றித் தப்பிவிடும். உன்னைப் போன்றவர்களிடம் அவை களைப்பதில்லை, கிருமி மாற முடியாத இடமாகப் பார்த்துப் பிடிக்கின்றன என்று நினைக்கிறார்கள். நினைக்கிறார்கள், அவ்வளவுதான். முழுக்கத் தெரியாது.

போன செப்டம்பரில் ஒரு தடுப்பூசிப் பரிசோதனையை இடையில் நிறுத்திவிட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்களுக்குப் போட்ட ஊசி அது. ஒருவரையும் காப்பாற்றவில்லை, சிலருக்கு ஆபத்தைக் கூட்டியிருக்குமோ என்றும் சந்தேகம் வந்துவிட்டது.  இருபது வருட வேலை. இப்போது திரும்ப முதலிலிருந்து, தாங்களாகவே தப்பியவர்களின் உடம்பில் என்ன நடக்கிறது என்று பார்க்கிறார்கள். அதைத் தெரிந்துகொண்டால் ஊசியால் மற்ற உடம்புகளுக்கும் அதைப் பழக்கலாம் என்ற எண்ணம். எங்கள் பக்கத்துப் பெண்களின் இரத்தம் அவர்களிடம் மிகக் குறைவு.

உன் இரத்தத்தைக் கொடுப்பாயா? உன் கொழும்புக் கிளினிக் மூலமாகவே எடுக்கலாம். பெயர் போகாது, இலக்கம் மட்டும்தான் போகும். உனக்கு இதனால் ஒரு நன்மையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முடியாது என்றாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

மங்களேஸ்வரி

*

கெலிஓயா,
15.06.2008

அன்புள்ள மங்களாக்கா,

பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். போன ஆறாம் திகதி, வெள்ளிக்கிழமை, பொல்கொல்லையில் பஸ்ஸில் குண்டு வெடித்தது. அன்று ஹபீல் கடைச் சாமான் எடுக்க வத்தேகமைப் பக்கம் போயிருந்தான். அதே பாதை. ஃபோன் வேலை செய்யவில்லை. மஃரிப் தொழுதேன், இஷா தொழுதேன், தொழுகையில் எத்தனை ரக்அத் என்பதே மறந்து திரும்பத் தொழுதேன். பஸ் இல்லாமல் பேராதனையிலிருந்து நடந்து வந்து சேர்ந்தான். ஒன்றுமில்லை, வியர்வைதான். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தபோது, இவன் இன்றைக்கு ஒன்றும் தெரியாமலே போயிருப்பானே என்று நினைத்தேன். காலையில் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வாப்பாவுக்கு வந்தது, எனக்கு இருப்பது, உங்கள் பிள்ளைக்குப் பால் கொடுத்தது.

 தேத்தண்ணி ஆறிப்போனது. பிறகு, "உம்மா, அப்ப எனக்கு ஒரு தாத்தா ஈக்கிதா, தங்கச்சி ஈக்கிதா?" என்று கேட்டான்.

எங்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா என்பது உங்களுக்குத் தெரியும்தானே. இவன் இருபது நாள் மூத்தவன். தங்கச்சி என்றேன்.

"இவ்வளவு காலமும் அதச் செல்லாமத்தானே இருந்தீங்க" என்றான். "நோயச் செல்லாததுக்குக் காரணம் வெளங்குது. தங்கச்சியச் செல்லாததுக்குக் காரணம் என்ன?"

 அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள்தான் பேசினான், கொழும்புக்கு என்னோடு தானும் வருவதாகச் சொன்னான். இனிக் கண் கிளினிக் என்று பொய் சொல்லத் தேவையில்லையாம், 'உம்மாவோட போறேன்' என்று மட்டும் கடையில் சொல்லிக்கொள்வானாம்.

இரத்தம் கொடுக்கிறேன். நீங்கள் எழுதியதைக் கிளினிக்கில் சொன்னேன், பன்னிரண்டு பக்கம் பத்திரம் தந்தார்கள், எல்லாம் ஆங்கிலம். அகராதி வைத்து மூன்று பக்கம் வாசித்தேன். நான் பள்ளிக்கூடம் போனது ஆறாம் வகுப்பு வரைக்கும்தான், மற்றதெல்லாம் தானாகப் பிடித்தது என்பது உங்களுக்குத் தெரியும். விளங்காத எதிலும் கையெழுத்து வைக்க மாட்டேன். அதனால் பிரதி எடுத்து இத்தோடு அனுப்புகிறேன். ஒரு வரி விடாமல் தமிழில் எழுதித் தாருங்கள். என் இரத்தம் எங்கே போகும், யார் பார்ப்பார், என்னைக் கேட்காமல் வேறு எதற்கும் எடுப்பார்களா, நடுவில் வேண்டாம் என்றால் விடுவார்களா? இவ்வளவும் எனக்குத் தெரிய வேண்டும்.

கூட இருந்த ஒரு பெண் கேட்டாள், தவறான வழியில் போகிறவர்களுக்காகவா நீங்கள் இரத்தம் கொடுக்கிறீர்கள் என்று. நான் எந்த வழியில் போனேன் என்று அவளிடம் கேட்கவில்லை. என்னை அல்லாஹ் ஏன் விட்டுவைத்தான், மஹ்ரூபை ஏன் எடுத்தான் என்று கேட்பது அதபு இல்லை, மரியாதை இல்லை. விட்டுவைத்ததை வைத்துக்கொண்டு என்ன செய்தாய் என்று என்னிடம் கேட்கப்படும்.

ஒன்று மட்டும். நிரோஜினிக்கு இல்லையென்றால் இரத்தம் தருகிறேன் என்று நான் நேர்ச்சை வைக்கவில்லை. அல்லாஹ்வோடு பேரம் பேச எனக்கு வெட்கம். இருந்தாலும் கொடுப்பேன், இல்லாவிட்டாலும் கொடுப்பேன். இந்தத் தரம் அவளைப் பற்றிக் கேட்கவும் மாட்டேன். சொல்ல வேண்டியபோது சொல்வீர்கள்.

சகீனா

*

லண்டன்,
24.08.2008

சகீனா,

பன்னிரண்டு பக்கத்தையும் தமிழாக்கி இத்தோடு வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாகிவிட்டது. வேலை இருந்தது என்று பொய் எழுதலாம். உண்மையில் நான்கு பக்கத்தை இரண்டு இரவில் முடித்தேன். ஐந்தாம் பக்கத்தின் முதல் வரியில் நின்றுவிட்டேன். "உங்கள் சம்மதமின்றி உங்கள் இரத்தத்தில் எந்தப் பரிசோதனையும் செய்யப்படமாட்டாது." அதை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். ஆறு கிழமை திறக்கவில்லை.

நிரோஜினிக்கு நோய் இல்லை.

இது எனக்கு மார்ச் மூன்றாம் திகதியே தெரியும். நான் உனக்கு முதல் கடிதம் எழுதியபோது தெரியும். இரண்டாவது எழுதியபோதும் தெரியும்.

உன் கடிதம் வந்த அடுத்த கிழமை அவள் லீவில் வீட்டுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். இரும்புச்சத்து குறைந்திருக்கும், ஒருக்கால் பார்ப்போம் என்று சொல்லிக் குசினி மேசையில் வைத்து இரத்தம் எடுத்தேன். "என்னம்மா, ரெண்டு குழாய் எடுக்கிறியள்?" என்று சிரித்தாள். "ஒண்டு உடைஞ்சா மற்றது வேணுமெல்லோ, கையை நீட்டு" என்றேன். இரண்டாவது குழாயை வேறொரு பெயரில் எங்கள் கிளினிக்குக்குள் நானே கொண்டுபோய் வைத்தேன். இங்கே அது தெரிந்தால் என் வேலை போகும். போக வேண்டியதுதான். சம்மதம் கேட்காமல் ஒருவரையும் சோதிக்கக் கூடாது என்று புதிதாக வருகிற நேர்ஸ்மாருக்குப் படிப்பிக்கிறவள் நான்.

முடிவு வந்த அன்று வார்டின் துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்தபோது உனக்கு ஃபோன் பண்ண வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு, அவள் ஒன்பது வருடம் சொல்லாமல் இருந்தாளே, அவளும் கொஞ்ச நாள் தெரியாமல் இருக்கட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. ஓம் சகீனா, அப்படியே நினைத்தேன். அந்த நினைப்பை விடாமல் வைத்திருந்தேன். கோபம் ஏப்ரலிலேயே போய்விட்டது. ஆனால் உனக்கு முடிவை எழுதினால் எப்படிப் பார்த்தேன் என்றும் எழுத வேண்டும். நீ கேட்பாய். பிள்ளையிடம் சொன்னீர்களா என்று கட்டாயம் கேட்பாய்.

அவளுக்கு இன்னும் தெரியாது. உன் பால் குடித்ததும் தெரியாது, நான் களவாக இரத்தம் பார்த்ததும் தெரியாது.

பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பாலால் வருவதில்லை. இதில் அதிசயம் ஒன்றுமில்லை, விஞ்ஞானமும் இல்லை. தப்பிவிட்டாள், அவ்வளவுதான்.

நீ கையெழுத்து வைக்காவிட்டாலும் எனக்கு விளங்கும்.

மங்களேஸ்வரி

*

கெலிஓயா,
12.09.2008
நோன்பு பதினொன்று

மங்களாக்கா,

உங்கள் கடிதம் நோன்பு இரண்டில் வந்தது. 'நோய் இல்லை' என்ற வரியை வாசித்ததும் தொழுகிற முஸல்லாவை விரிக்கக்கூடப் பொறுக்காமல் சீமெந்துத் தரையிலேயே சஜ்தாவில் விழுந்தேன். எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. எழும்பி மிச்சத்தை வாசித்தேன். பிறகு மறுபடி தரையில் உட்கார்ந்தேன். அது நன்றி சொல்கிற சுக்ருக்காக இல்லை. 

மார்ச் முதல் ஓகஸ்ட் வரைக்கும் நான் எப்படி இருந்தேன் என்று எழுதத் தொடங்கி, அந்தத் தாளைக் கிழித்துப்போட்டேன். உங்களுக்குத் தெரியும். தெரிந்துதானே வைத்திருந்தீர்கள். நோன்பு நேரத்தில் யார் மீதும் கோபம் வைக்கக் கூடாது என்கிறார்கள். முயற்சி செய்கிறேன், முடியவில்லை. ஹபீலிடம் சொன்னேன். அவன் முதலில் சந்தோஷப்பட்டான். பிறகு, "அவங்களும் உங்களப் போலத்தான் உம்மா" என்றான். எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது. அவன் சொன்னது சரி என்பதால்தான்.

ஒன்பதாம் திகதி கொழும்புக்குப் போய் இரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். நோன்போடு எடுத்தால் முறியாது என்று மௌலவியிடம் முதலிலேயே கேட்டுக்கொண்டேன். எட்டுக் குழாய். உங்கள் தமிழ்ப் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துக் கையெழுத்து வைத்தேன். ஐந்தாம் பக்கத்தில் நேரம் எடுத்தது. டொக்டர் பிள்ளை, "இது வெளங்கல்லையா அம்மா?" என்று கேட்டாள். நன்றாக விளங்குகிறது என்றேன். உங்கள் மீதுள்ள கோபத்தில் வேண்டாம் என்று திரும்பி வந்திருந்தால், எங்கேயோ இருக்கிற, நான் பார்த்தே இராத ஒரு பெண்ணின் மீது அதைத் தீர்த்ததாக ஆகும்.

இன்னும் உங்களை மன்னிக்கவில்லை. பொய்யாக எழுத மாட்டேன். நீங்களும் என்னை மன்னித்துவிட்டதாக எழுத வேண்டாம். ஒன்பது வருடம் சின்னக் கணக்கு இல்லை. ஆனால் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்.

நிரோஜினிக்குப் பத்தொன்பது வயது. அவளுடைய வாய்க்குள் போனதும் அவளுடைய கையிலிருந்து எடுத்ததும் அவளுக்குத் தெரியாமல் நம் இரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. குழாயை நீங்கள் சொல்லுங்கள். உங்களுக்காக அதை நான் சொல்ல முடியாது. பாலை நான் சொல்கிறேன். அதற்கு அவளுக்கென்று தனியாக ஒரு தாள் எழுதி இந்த உறைக்குள்ளேயே வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. நீங்கள் வாசித்துப் பார்த்துவிட்டு அவளிடம் கொடுங்கள். உங்களைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அவள் கோபப்படுவாள். படட்டும். ஹபீல் ஒரு நாள் பேசவில்லை. அவள் ஒரு வருடம் பேசாமல் இருந்தாலும் அது அவள் எடுக்கிற முடிவு.

தாளைக் கொடுத்தீர்களா என்று நான் கேட்டு எழுத மாட்டேன்.

சகீனா